பட்டுப்புழுவுக்குப் பல் உண்டா?

ஜன்னலுக்கு உள்ளே நான் உட்கார்ந்திருந்தேன். வெளியே, தாழ்வாரத்துத் தரையில், முனியம்மாக்கா உட்கார்ந்திருந்தார். நடுவில் இரும்புக் கம்பி. என் மடியில் ஒரு கன்னடப் புத்தகம். அக்காவின் மடியில் ஒரு மூங்கில் கூடை. கூடையில் நோய் கண்ட பட்டுப்புழுக்கள்.

பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஆள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு எங்களையே பார்த்தான். ஜெயிலில் கிடக்கும் தம்பிக்குச் சோறு கொண்டுவந்த அக்கா என்று நினைத்திருப்பான். கட்டடம் ஜெயில் மாதிரி இல்லை. அது பெங்களூரில் ஒரு பெரிய பூங்காவின் நடுவே நின்ற நூல்நிலையம். ராஜா காலத்து மாளிகை. செங்காவிச் சுவர், உருண்டு திரண்ட தூண்கள், ஆள்மேல் ஆள் ஏறி நின்றாலும் தொட முடியாத கூரை.

"இன்னொரு தரம் படி" என்றார் அக்கா.

படித்தேன்.

"இன்னொரு தரம்."

மறுபடியும் படித்தேன். புத்தகம் சொன்னதையே சொன்னது.

சுண்ணக்கட்டு

இந்தத் தொடரில் போன வாரம், குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டுத் தரகரிடம் பார்த்த வேலையிலிருந்து கழன்றுகொண்டதோடு நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து கொஞ்சம் நடந்தும் கொஞ்சம் லாரியில் தொற்றியும் ஓசூர் வந்து சேர்ந்தேன். பஸ் ஸ்டாண்டில் ஊர்ப்பெயர் கூவி ஆள் ஏற்றும் வேலை கிடைத்தது. சில மாதம் கூவினேன். பனியில் தொண்டை கட்டிக்கொண்டது. குரல் போனவனுக்கு அந்த வேலையில் இடமில்லை. அவர்கள் மேல் தப்பும் இல்லை.

பட்டுக்கூடு வாங்கும் வியாபாரி காதர் பாய்க்கு என்னைத் தெரியும். "தேன்கனிக்கோட்டை ரோட்டுல ஒரு அம்மா இருக்காங்க. தழை பறிக்க ஆள் வேணுமாம். போய் இரு. அங்க பேச வேண்டிய வேலையே இல்ல" என்று அனுப்பி வைத்தார்.

அந்த அம்மாதான் முனியம்மாக்கா. நாற்பதைத் தொட்டிருப்பார். புருஷன் எப்போதோ இறந்துவிட்டார். வீட்டுக்குப் பின்னால் மல்பெரித் தோட்டம், வீட்டுக்குள் புழு அறை. கூலி என்று எதுவும் பேசவில்லை. இரண்டு வேளை களி, புழு அறைக்கு வெளியே படுக்க ஒரு சாக்கு. சாக்கு புதியது.

அக்கா வீட்டில் பேசுவது தெலுங்கு. என்னோடு தமிழ். அத்திப்பள்ளிப் பக்கம் போனால் கன்னடம். எந்த மொழியிலும் எழுத்து தெரியாது. புழுக்களோடு பேசும்போது மூன்றையும் கலந்து பேசுவார். அவற்றை அவர் புழு என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'பிள்ளைங்க' என்பார். தோல் உரிப்பதற்கு முன்னால் அவை தழையைத் தொடாமல், தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும். அந்தப் பக்கத்தில் அதற்கு ஜுரம் என்றே பெயர். பிள்ளைகளுக்கு ஜுரம் வந்துவிட்டால் உரக்கப் பேசக் கூடாது. கருவாடு சுட்டவன் உள்ளே வரக் கூடாது. சாவு வீட்டுக்குப் போனவன் வாசலையே மிதிக்கக் கூடாது. இந்தச் சட்டங்களில் பாதியை நான் மீறிய பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

தோட்டத்தின் ஈசானி மூலையில் ஒரு செடி மட்டும் கவாத்து செய்யாமல் மரமாகவே வளர்ந்திருந்தது. வந்த புதிதில் கூடையோடு அதனிடம் போனேன். "அதுல பறிக்காத" என்றார் அக்கா. கசக்கும்போல என்று விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகையிலும் விடவில்லை. குளிரும் கூடச் சேர்ந்தது. புழுக்கள் சாக ஆரம்பித்தன. முதலில் துவண்டு கிடக்கும். மறுநாள் குச்சிபோல விறைக்கும். அதற்கு அடுத்த நாள் மேலெல்லாம் வெள்ளை பூத்துவிடும். எடுத்துத் தட்டில் போட்டால் சுண்ணாம்புக் கட்டி விழுந்ததுபோல 'டக்' என்று சத்தம் வரும். சுண்ணக்கட்டு என்று நோய்க்குப் பெயர். பெயர் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெயரோடு சரி.

அதற்கு முன்பே இரண்டு வளர்ப்பு இப்படிப் போயிருந்தது. அக்காவின் கொழுந்தன் வெங்கடப்பா பக்கத்து நிலத்துக்காரர். ஒரு நாள் வரப்பில் நின்றபடியே சொன்னார்:

"அண்ணி, இந்தத் தடவையும் போச்சுன்னா செடியெல்லாம் புடுங்கிட்டு நான் கேழ்வரகு போட்டுக்கறேன். நீங்க எதுக்குக் கஷ்டப்படணும்? நம்ம வீட்டுக்கே வந்துடுங்க. உங்க ஒரு வாய்க்கா இல்லாமப் போகுது."

அக்கா தலையை ஆட்டிக்கொண்டார். கொழுந்தன் போன பிறகு என்னிடம், "அந்த ஊட்டுல தெனம் ஒரு பந்திக்கு ஆக்கணும் தம்பி. அதைத்தான் வந்துடுங்கன்னு சொல்லிட்டுப் போறாரு" என்றார்.

செத்த புழுக்களை அக்கா தினமும் பொறுக்கி முந்தானையில் எடுத்துப் போவார். செடிக்கு ஒரு பிடி என்று வேரடியில் மண்ணைக் கிளறிப் புதைப்பார். அடுப்பில் போட்டுவிட்டால் வேலை முடிந்ததே என்று நான் ஒரு முறை சொன்னேன்.

"பல்லு மொளைக்காததை யாராவது சுடுவாங்களா?" என்றார்.

அது எனக்கும் தெரிந்த வழக்கம்தான். நான் பிறந்த கல்லாவிப் பக்கத்திலும், பிணத்தைச் சுடுகிற வீடுகளில்கூட, பல் முளைக்காத குழந்தையைச் சுடமாட்டார்கள். சொந்த நிலத்தில் ஓரமாக ஒரு குழி எடுப்பார்கள். அக்காவும் ஒரு பிள்ளை பெற்றவர், அது முகம் பார்த்துச் சிரிப்பதற்குள் போய்விட்டது என்று காதர் பாய் சொல்லியிருந்தார். அக்கா அதைப் பற்றிப் பேசியதில்லை. தழை பறிக்க வந்தவன் அதையெல்லாம் கேட்பதில்லை.

நோயாளி இல்லாமல் எப்படி?

கூடு இருக்காது என்று தெரிந்தும் காதர் பாய் ஒரு நாள் வந்தார். தட்டுகளைப் பார்த்தார். பீடியைப் பற்ற வைக்கப் போய், புழு அறை வாசல் என்பது ஞாபகம் வந்து மறுபடி காதில் செருகிக்கொண்டார்.

"அக்கா, பெங்களூர்ல பார்க்குக்குள்ள ஒரு பெரிய செவப்பு பங்களா இருக்கு. புழு நோய்க்குன்னே அங்க புத்தகம் வெச்சிருக்காங்க. யாரு வேணா போலாம். காசு கெடையாது."

"நீ போயிருக்கியா பாய்?"

"வாசல் வரைக்கும் போயிருக்கேன். உள்ள ஃபேன் சுத்துது."

பெரிய கட்டடம், காசு கிடையாது, நோய்க்கு வழி சொல்வார்கள். இந்த மூன்றும் சேர்ந்த இடம் அக்காவுக்கு ஒன்றுதான் தெரியும்: தர்மாஸ்பத்திரி. மறுநாள் விடிந்ததும் பார்க்கிறேன், கூடையில் தழை பரப்பி, துவண்டு கிடந்த புழுக்களை ஒரு பக்கமும் விறைத்தவற்றை ஒரு பக்கமும் வைத்து, ஈரத்துணி மூடி, தலை வாரிக் கிளம்பி நிற்கிறார்.

"அக்கா, அது புத்தகம் படிக்கற எடம். புழுவை எடுத்துட்டுப் போனா..."

"நோயாளியப் பாக்காம எப்பிடிப்பா மருந்து சொல்லுவாங்க?"

இதற்குப் பதில் எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை. பிறகு எத்தனையோ ஆஸ்பத்திரிகளையும் நூல்நிலையங்களையும் பார்த்துவிட்டேன். இன்னும் தெரியவில்லை.

போஸ்ட் மாஸ்டர்

பஸ்ஸில் ஏறினோம். அந்த நாளில் ஓசூர் மதராஸ் ராஜ்யத்திலேயே இருக்குமா, மைசூருக்குப் போகுமா என்று பஸ்ஸில், டீக்கடையில், சவரக்கடையில் எல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்று எங்களுக்கு முன் சீட்டில் இருவர் தமிழிலும் கன்னடத்திலும் சண்டை போட்டு, கோபம் முற்றியதும் இருவரும் தெலுங்குக்கு மாறினார்கள். அக்கா கூடையை மடியில் வைத்து, குலுங்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

பூங்காவுக்குள் நடந்து அந்தக் கட்டடத்தின் முன்னால் நின்றோம். அதற்கு முன் நான் நுழைந்த பெரிய கட்டடம் கிருஷ்ணகிரியில் ஒரு அரிசி மண்டி. இது வேறு மாதிரி. படியேறும்போதே பேச்சு தானாகக் குறைந்துவிட்டது. உள்ளே பழைய காகிதமும் மரத்துக்குத் தேய்த்த எண்ணெயும் கலந்த வாசனை. தரை அக்காவின் வெறுங்காலுக்குச் சில்லிட்டிருக்க வேண்டும், விரல்களை மடக்கி மடக்கி நடந்தார். சுவர் முழுக்கக் கண்ணாடி பீரோக்கள். உயரத்து ஜன்னல்களிலிருந்து வெயில் சாய்வாக விழுந்து, நீண்ட தேக்கு மேஜைகளின் மேல் கிடந்தது. காதர் பாய் சொன்னபடி ஃபேன் சுற்றியது.

மேஜைகளில் தலைப்பாகையும் கோட்டுமாகப் பெரியவர்கள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. அக்கா எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். தங்க பிரேம் கண்ணாடியும் சரிகைத் தலைப்பாகையும் அணிந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்தார். நேரே போய் அவர் விரித்திருந்த பத்திரிகையின் மேல் கூடையை வைத்துத் துணியை விலக்கினார். அவருக்கு மட்டும் கேட்கும்படி கன்னடத்தில் விவரம் சொல்ல ஆரம்பித்தார். என்றைக்கு ஆரம்பித்தது, எத்தனை வேளை தழை, எந்த ஜுரத்துக்குப் பிறகு துவண்டது, கூடவே வேறு தொந்தரவு எதுவும் இல்லை என்பதெல்லாம்.

அந்தப் பெரியவர் ஒரு வார்த்தை குறுக்கிடாமல் கடைசி வரை கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அம்மா, நான் ரிட்டையரான போஸ்ட் மாஸ்டர்."

அக்கா கூடையை மூடினார். "அப்ப டாக்டரு யாரு?" என்று என்னிடம் கேட்டார்.

அதற்குள் காக்கிக் கோட்டுப் போட்ட சிப்பந்தி வந்துவிட்டார். நஞ்சப்பா என்று அவரைக் கூப்பிட்டார்கள். எங்களை வெளியே போகச் சொல்லத்தான் வந்தார். கூடைக்குள் பார்த்ததும் நின்றார். "சுண்ணக்கட்டு" என்றார். அவருடைய மாமனார் வீடு ராமநகரம் பக்கமாம், அங்கேயும் இதே கதையாம். போய்த் தேடி, தூசி தட்டி, ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்துவந்தார். அட்டையில் பட்டுப்புழுவின் படம்.

"கன்னடம் படிப்பியா?" என்று என்னைக் கேட்டார்.

படிப்பேன் என்றேன்.

எழுத்து என்னிடம், அர்த்தம் அக்காவிடம்

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். நான் பள்ளிக்கூடத்தை விட்டது ஐந்தாம் வகுப்பில். அதுவும் தமிழ்ப் பள்ளிக்கூடம். கன்னட எழுத்தை ஓசூர் பஸ்களிடம் படித்தேன். மைசூர்ப் பக்கத்து பஸ்களின் பலகையில் ஊர்ப்பெயர் கன்னடத்தில் இருக்கும். பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்பது எனக்குத் தெரியும். அதை வைத்து எந்த எழுத்து எந்தச் சத்தம் என்று பொருத்திக்கொண்டேன். பஸ் போகாத ஊர்களின் எழுத்துகள் கடைசியில்தான் வந்தன. அப்படிக் கற்றதால் எந்தக் கன்னட எழுத்தைக் கொடுத்தாலும் சத்தமாக வாசித்துவிடுவேன். வாசித்தது என்னவென்று மட்டும் பாதி புரியாது. ஊர்ப்பெயர் கூவுகிறவனுக்கு அர்த்தம் தேவைப்பட்டதில்லை.

அக்காவுக்கோ கன்னடம் காதில் விழுந்தால் போதும், முழுசாகப் புரியும். ஆகவே நாங்கள் இருவரும் சேர்ந்தால் ஒரு ஆள் படித்த மாதிரி. நான் உட்கார்ந்து முதல் வரியைப் பஸ் ஸ்டாண்டு வழக்கப்படி வாசித்தேன்.

கூடம் முழுவதும் திரும்பியது. ஒருவர் மேஜையைத் தட்டினார். சுவரில் தொங்கிய பலகையை நஞ்சப்பா காட்டினார். பேசக் கூடாது.

"மனசுக்குள்ள படிப்பா."

"மனசுக்குள்ள படிச்சா எனக்கே புரியாதுங்க."

"அப்ப வெளியே போய்ப் படி."

புத்தகத்தோடு எழுந்தேன். "புத்தகம் வெளியே போகக் கூடாது" என்றார்.

நின்றேன். நஞ்சப்பாவும் நின்றார். அவருக்கு இப்படி ஒரு சிக்கல் முன்பு வந்ததில்லை என்று முகத்தில் தெரிந்தது. காதைச் சொறிந்துகொண்டு கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். கோடியில், தாழ்வாரத்தைப் பார்த்த மாதிரி ஒரு ஜன்னல் இருந்தது.

"புத்தகம் உள்ளே இருக்கணும். சத்தம் வெளியே இருக்கணும். அவ்வளவுதானே" என்றார்.

பல்

ஜன்னல் கம்பிக்கு வாயை வைத்து, ஒரு வரி நான் வாசிப்பேன். அக்கா கேட்டு, தமிழில் எனக்குச் சொல்வார். இப்படியே போனோம். ஈரம் ஆகாது, அறையில் கணப்பு வைக்க வேண்டும், தட்டில் சுண்ணாம்புத் தூள் தூவ வேண்டும். அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

அதன் பிறகு அந்த வரி வந்தது. 'சத்த ஹுளகளன்னு சுட்டு ஹாகபேகு.'

இது எனக்கே புரிந்துவிட்டது. செத்த புழுக்களைச் சுட்டுவிட வேண்டும். அடுத்த வரியை நான் வாசிக்க, அக்கா மெதுவாகத் தமிழில் சொன்னார். மேலே பூக்கும் வெள்ளைத் தூளில்தான் நோய் இருக்கிறது. தோட்டத்தில் போட்டால் அது தழையில் ஒட்டி, அடுத்த வளர்ப்புக்கும் வந்துவிடும்.

"நான் பொதைச்சதைத்தான் இதுங்க தின்னுதா?"

"அப்பிடித்தான் போட்டிருக்குது அக்கா."

"இன்னொரு தரம் படி."

இந்த இடத்தில்தான் நான் கதையை ஆரம்பித்தேன். எத்தனை தரம் படித்தேன் என்று நினைவில்லை. குடத்துக்காரன் இரண்டாவது நடைக்குப் போய்விட்டு வந்தான்.

"சுட மாட்டேன்" என்றார் அக்கா கடைசியில். "தோட்டம் போனா போவட்டும். வெங்கடப்பன் ஊட்டுல ஆக்கிப் போட்டுட்டுப் போறேன். பல்லில்லாததைச் சுட்ட பாவம் எனக்கு வேணாம்."

"தின்னுதே அக்கா. ராத்திரியெல்லாம் தழையக் கடிக்கற சத்தம் மழை பெய்யற மாதிரி வருதே."

"எம் மாமியாரு பல்லு இல்லாமத்தான் முறுக்கு தின்னாங்க."

நான் புத்தகத்தை மூடப் போனேன். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பல்லு இருக்குதா இல்லியான்னு அதுல போட்டிருக்குதா?"

பக்கங்களைப் புரட்டினேன். முட்டை, கூடு, அந்துப்பூச்சி எல்லாம் வந்தது. பின்பக்கம் ஒரு படம். புழுவின் தலையை மட்டும் எருமைத் தலை அளவுக்குப் பெரிதாக்கி வரைந்திருந்தார்கள். வாயருகே ஒரு கோடு இழுத்து ஒரு சொல் எழுதியிருந்தது. 'தவடெ' என்று வாசித்தேன்.

"தாடை" என்றார் அக்கா.

புத்தகத்தைக் கம்பிக்கு அருகே தூக்கிப் பிடித்தேன். அட்டை வெளியே போகாமல் நஞ்சப்பா ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். தாடை இரண்டும் எதிரெதிராக இருந்தன. விளிம்பில் கதிர் அறுக்கும் கருக்கரிவாள்போல வரிசையாகக் கூர்கள். அக்கா நகத்தால் அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டார். நம்பலாமா என்று யாரையாவது கேட்க வேண்டும்போல இருந்தது அவருக்கு. கூடத்துக்குள் பார்வையை ஓட்டினார். போஸ்ட் மாஸ்டர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, எப்போது வந்தாரோ, என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். குனிந்து, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"பல்தான் அம்மா" என்றார் கன்னடத்தில். "சந்தேகமே இல்லை."

அக்கா கூடைக்குள் பார்த்தார். அந்தப் புழுக்களை அன்றைக்குத்தான் புதிதாகப் பார்ப்பதுபோல ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்ப இதுங்க பெரியவங்க" என்றார்.

சோதனைச் சாவடி

எங்கள் பக்கத்தில் மதுவிலக்கு. மைசூர்ப் பக்கத்தில் கடை திறந்திருந்தது. அதனால் திரும்பி வருகிற பஸ்களை எல்லையில் நிறுத்திச் சோதிப்பார்கள். கான்ஸ்டபிள் ஒருவர் ஏறி, மூடிய கூடையைப் பார்த்ததும் நேரே எங்களிடம் வந்தார்.

"என்னம்மா இதுல?"

"பொணம்" என்றார் அக்கா.

கான்ஸ்டபிள் துணியைத் தூக்கிப் பார்த்தார். மெதுவாக மூடிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் மல்பெரிக் குச்சிகளை அடுக்கினேன். பெண்கள் சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்பதால் அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் கொளுத்தினேன். எரிந்து முடியும் வரை அவர் கதவைத் திறக்கவில்லை. பிறகு இருவரும் தலைக்குக் குளித்தோம். கார்த்திகைக் குளிரில் ஓசூர்க் கிணற்றுத் தண்ணீர். நான் சும்மா ஈரக் கையால் தலையைத் தடவிக்கொண்டு வந்ததைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார்.

அறைக்குக் கணப்பு வைத்தோம். சுண்ணாம்பு தூவினோம். செத்ததை அன்றன்றைக்குச் சுட்டோம், குளித்தோம். எனக்குச் சளி பிடித்தது. புழுக்களுக்குச் சாவு குறைந்தது. மீதி இருந்தவை பாதிக்கு மேல் கூடு கட்டின. காதர் பாய் சாக்கோடு வந்து, கூட்டைக் காதருகே ஆட்டிப் பார்த்து, வழக்கம்போலக் குறை சொன்னார். அவர் குறை சொன்னால் சரக்கு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். வெங்கடப்பா வரப்பில் வந்து நின்றார். "தழை நல்லா வந்திருக்குது அண்ணி" என்று சொல்லிவிட்டு, கேழ்வரகை அவருடைய நிலத்திலேயே போட்டுக்கொண்டார்.

ஈசானி மூலை

தோட்டத்தைக் கிளறியதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது பெங்களூரிலிருந்து வந்த மறுநாள்.

புதைத்ததை எல்லாம் எடுக்க வேண்டும் என்று அக்கா சொன்னார். நான் மண்வெட்டியோடு செடி செடியாகப் போனேன். வேரடியில் கொத்திக் கொடுப்பேன். அக்கா பின்னாலேயே குந்தி உட்கார்ந்து, மண்ணை முறத்தில் போட்டுப் புடைத்து, வெள்ளைக் குச்சிகளைப் பொறுக்கிச் சட்டியில் போடுவார். குழியில் ஒரு பிடி சுண்ணாம்பு. காலையில் தொடங்கி வெயில் சாயும் வரை ஒரு செடியையும் விடவில்லை.

கடைசிச் சாலின் முடிவில் ஈசானி மூலை வந்தது. கவாத்து செய்யாத அந்தச் செடி. நான் வேலை வேகத்தில் அதன் அடியிலும் மண்வெட்டியை ஓங்கினேன்.

"அங்க வேணாம்" என்றார் அக்கா.

"இங்கயும் பொதைச்சீங்களா அக்கா?"

"ஆமா."

"அப்ப எடுத்துடலாமே. புத்தகத்துல..."

அக்கா முறத்தைக் கீழே வைத்தார். கையிலிருந்த சுண்ணாம்பை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"அதுக்குப் பல்லு மொளைக்கல தம்பி."

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, கை கால் கழுவக் கிணற்றடிக்குப் போனேன்.